மெனு அட்டையில் ஏறாத சாப்பாடு: பிலிப்பைன்ஸ் ஊர்ச் சமையலின் கதை

1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 29. மணிலாவுக்கு வடக்கே உள்ள மலோலோஸ் என்ற ஊரில் ஒரு பெரிய விருந்து. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பானியரிடம் அடங்கிக் கிடந்த நாடு அது. அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி எமிலியோ அகினால்டோ விடுதலையை அறிவித்திருந்தார். செப்டம்பரில் மலோலோஸ் பரசோவாயின் மாதா கோயிலில் மக்கள் பிரதிநிதிகளின் பேரவை கூடி அதை உறுதிசெய்தது. அதைக் கொண்டாடத்தான் இந்த விருந்து.

அந்த விருந்தின் மெனு அட்டை இன்றும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் சரித்திரப் புத்தகங்களில் அதைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டை தகாலோக் மொழியிலும் இல்லை, ஸ்பானிய மொழியிலும் இல்லை. முழுக்க முழுக்க பிரெஞ்சு!

பிரெஞ்சில் படித்த நம்மூர்க்காரர்களுக்கு அதைப் படிக்க அகராதி வேண்டாம். முதலில் சிப்பிகள், இறால், வெண்ணெயோடு முள்ளங்கி, ஒலிவக் காய், லியோன் ஊர் சோசிசோன், தக்காளியோடு மத்தி மீன், ஒல்லாந்தேஸ் சாறு ஊற்றிய சால்மன் மீன். பிறகு நண்டு, வோலொவான், ஆட்டுக் கட்லெட், ஷத்தோபிரியான் மாட்டிறைச்சி, பச்சை பீன்ஸ். கடைசியில் சீஸ், பழம், ஐஸ்கிரீம். குடிப்பதற்கு போர்தோ, சோத்தேர்ன், ஷாம்பாஞ், கொஞ்யாக். பாரீசில் ஒரு மந்திரி வீட்டு விருந்து என்றால் நம்பிவிடலாம்.

அந்தப் பட்டியலில் இரண்டே இடங்களில்தான் சொந்த நாடு எட்டிப் பார்க்கிறது. ஒன்று 'தேந்த் த்ரூஃபே அ லா மனிலுவாஸ்', அதாவது மணிலா பாணி வான்கோழி. மற்றொன்று 'அபாத்தி தெ பூலே அ லா தகால்', தகாலோக் பாணியில் கோழியின் ஈரல், கல்லீரல்குடல் வகையறா. 'அபாத்தி' என்றால் கோழியை வெட்டும்போது தனியே எடுத்து வைக்கும் சில்லறைச் சமாசாரம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். நாட்டின் பெயர் ஏறியது அந்தச் சில்லறையின் தலையில்தான்.

இதைக் கேலி செய்வதற்காக எழுதவில்லை. அந்த மனிதர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தாங்களும் நாகரிகமான ஒரு தேசம்தான் என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நிரூபிக்கவேண்டிய கட்டாயம். அந்தக் காலத்தில் ராஜாங்க விருந்தென்றால் உலகம் முழுவதும் பிரெஞ்சு மெனுதான். அவர்களில் படித்தவர்கள் ஐரோப்பா போய் வந்தவர்கள். அவர்கள் தலைவராக மதித்த ஹோசே ரிசால் கண் வைத்தியர். பாரீசில் வெக்கர் என்ற புகழ்பெற்ற கண் மருத்துவரிடம் பயிற்சி பெற்றவர். ஆகவே, விடுதலையைப் பிரெஞ்சு மொழியில் சாப்பிட்டார்கள். ஆனால் அது பலிக்கவில்லை. 1899 பிப்ரவரியில் அமெரிக்காவோடு போர் மூண்டது. மார்ச் 31-ஆம் தேதி மலோலோஸ் அமெரிக்கர் வசமாயிற்று. விடுதலை வர 1946 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

சரி, அந்த விருந்தாளிகள் மறுநாள் தங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? அங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது.

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் அதிகமான தீவுகள் கொண்ட நாடு. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். ஒவ்வொரு சீமைக்கும் ஒரு சமையல். வடக்கே இலோக்கோஸ் வறண்ட பூமி, மக்கள் சிக்கனக்காரர்கள். பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், காராமணியை மீன் ஊறலோடு வேகவைத்து 'பினக்பெட்' என்பார்கள். தென்கிழக்கே பீக்கோல் சீமையில் எதற்கும் தேங்காய்ப்பால், அதோடு ஊசிமிளகாய். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வற்றவிட்டால் 'லாயிங்'. நடுவே பம்பாங்கா சீமைக்காரர்கள் சமையலில் பெயர் போனவர்கள். வயல் பூச்சியும் தவளையும்கூட அவர்கள் கையில் பண்டமாகிவிடும். விசாயாஸ் தீவுகளில் எலுமிச்சைப் புல்லும் காடியும் சேர்த்துக் கரியில் சுட்ட கோழி, 'இனசால்'. தெற்கே மிந்தனாவோ பகுதி முஸ்லிம்கள் தேங்காயைக் கருகச் சுட்டு அரைத்துக் கறுப்பு நிறத்தில் சாறு வைப்பார்கள். பன்றி இறைச்சி அங்கே கிடையாது.

இதன் மேல் 1565 முதல் 1815 வரை 250 ஆண்டுகள் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது. வெள்ளி வந்தது, பட்டு போனது என்று பள்ளியில் படித்திருப்போம். நிலக்கடலை, மிளகாய், தக்காளி, சர்க்கரைவள்ளி, சௌசௌ எல்லாம் அந்த வழியில் வந்து இறங்கின. சர்க்கரைவள்ளியை அவர்கள் 'கமோத்தே' என்பதும், சௌசௌவை 'சயோத்தே' என்பதும் மெக்சிகோ பழங்குடிச் சொற்கள். ரெயூனியோன் தீவிலிருந்து வந்த நம் உறவினர்கள் அதே காயை 'ஷூஷூ' என்று கேட்பது நினைவுக்கு வருகிறதா? ஒரு காய் எத்தனை கப்பல் ஏறியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் இந்தச் சமையல் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. காசு கொடுத்து வெளியே சாப்பிடுவதென்றால் இரண்டே வழி. ஒன்று சீனர்களின் 'பன்சித்தேரியா'. பன்சித் என்றால் நூடுல்ஸ். அங்கே சீனப் பண்டத்துக்கு ஸ்பானியப் பெயர் வைத்து விற்றார்கள். வறுத்த சோற்றை 'மோரிஸ்கேத்தா தொஸ்தாதா' என்றால் கனவானும் கூச்சமில்லாமல் கேட்கலாம் அல்லவா? ரிசால் 1891-இல் வெளியிட்ட இரண்டாவது நாவலில், மாணவர்கள் இப்படி ஒரு பன்சித்தேரியாவில் கூடி, வரும் ஒவ்வொரு பண்டத்தையும் ஒவ்வொரு பெரிய மனிதருக்குக் காணிக்கையாக்கிக் கிண்டல் செய்கிறார்கள்.

இன்னொன்று தெருவோரக் 'கரிந்தேரியா'. வண்டிக்காரனுக்கும் சுமைக்காரனுக்குமான சோற்றுக்கடை. பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்து, இது, அது என்று விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். அதனால் இதற்குத் 'துரோ-துரோ' என்றும் பெயர்; 'காட்டு, காட்டு' என்று அர்த்தம். கௌரவமான குடும்பத்தார் அங்கே உட்காரமாட்டார்கள். அமெரிக்கர் வந்தபின் பள்ளிக்கூடங்களில் மனையியல் பாடம் சொல்லிக்கொடுத்து, டின் பாலும் கேக்கும் சாலடும் நாகரிகமாயிற்று. வீட்டுச் சோறு இன்னும் ஒரு படி கீழே போயிற்று.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. எங்கிராசியா குரூஸ் ரேயஸ். 'ஆலிங் அசியாங்' என்று ஊரே அழைத்தது. ஆலிங் என்பது நாம் அக்கா, அம்மா என்று சேர்த்துச் சொல்வதைப் போல. நவோத்தாஸ் என்ற மீனவர் ஊரைச் சேர்ந்தவர். கணவர் வக்கீல், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். பிள்ளைகள் நிறைய. 1936-இல் மணிலாவின் கடற்கரைப் பக்கம் ஒரு வண்டியில் சாப்பாடு விற்கத் தொடங்கினார். எல்லோரும் ரொட்டிக்குள் ஹாமும் சீஸும் வைத்தால், இவர் அதோபோ வைத்தார். அதோபோ என்றால் காடியும் பூண்டும் மிளகும் சேர்த்து வேகவைத்த இறைச்சி. வீட்டுக்கு வீடு இருக்கும் பண்டம். அந்த வண்டிதான் வளர்ந்து 'அரிஸ்டோக்ரட்' என்ற பெரிய உணவகமாயிற்று. பெயரைக் கவனியுங்கள். சீமான்! வீட்டுக் குழம்பை விற்கும் கடைக்குச் சீமான் என்று பெயர். மலோலோஸ் விருந்துக்கு அது ஒரு வகையில் பதில் என்றே எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீமையாகத் தலைநகருக்குச் சாப்பாடு வந்து சேர்ந்தது. பீக்கோல்காரர்கள் மிளகாயைக் காய்கறி மாதிரி அள்ளிப்போட்டுத் தேங்காய்ப்பாலில் செய்யும் பண்டத்துக்கு, 1970-களில் மணிலாவில் உணவகம் நடத்திய செலி கலாவ் என்பவர் அந்தச் சீமைக்கு ஓடிய ரயிலின் பெயரை வைத்தார்: 'பீக்கோல் எக்ஸ்பிரஸ்'. இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

பம்பாங்காவின் 'சிசிக்' கதை இன்னும் சுவையானது. 1732-இல் பெர்கானோ என்ற பாதிரியார் தொகுத்த அகராதியிலேயே அந்தச் சொல் உண்டு. அப்போது அது பச்சைப் பப்பாளியோ கொய்யாவோ காடியில் போட்ட புளிப்புப் பண்டம். பிறகு, பக்கத்திலிருந்த கிளார்க் அமெரிக்க விமானத்தளத்தில் பன்றியின் தலை வேண்டாமென்று ஒதுக்குவார்கள். ஊர்க்காரர்கள் மலிவாக வாங்குவார்கள். ஆஞ்சலெஸ் நகரில் ரயில் பாதையோரம் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற பெண்மணி, 1974 வாக்கில், அதை வேகவைத்து, சுட்டு, பொடியாக வெட்டி, வெங்காயமும் கலமான்சி எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தார். தூக்கிப் போடும் தலை நாட்டின் பெருமையாயிற்று.

இதையெல்லாம் எழுத்தில் ஏற்றியவர் டோரீன் பெர்னாண்டஸ் என்ற பேராசிரியை. அதெனேயோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1994-இல் 'திக்கிம்' என்ற புத்தகம் போட்டார். 'ருசி பார்த்தல்' என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வந்த பண்டத்தைத் தம் மக்கள் எப்படித் தமதாக்கிக் கொண்டார்கள் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இவ்வளவும் நான் வெறும் ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. மருமகனுக்குச் சில காலம் மணிலாவில் வேலை. நானும் என் மனைவியும் ஒன்றரை மாதம் போய்த் தங்கினோம். 'மாமா, ஒருநாள் அவங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம்' என்று கேசோன் சிட்டியில் ஓர் இடத்துக்கு அழைத்துப்போனார். பெரிய ஓட்டல் அல்ல. இருபது மேசை இருக்கும். மெனு அட்டையில் பண்டங்களைச் சீமை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த ஊர் என்று அச்சடித்திருந்தார்கள்.

பரிமாறிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். என்னை 'லோலோ' என்றும் என் மனைவியை 'லோலா' என்றும் கூப்பிட்டாள். தாத்தா, பாட்டி. என் மனைவி கேட்ட முதல் கேள்வி: 'கருவாடு போடாத காய் ஏதாவது இருக்கா?' அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, பூசணியும் காராமணியும் தேங்காய்ப்பாலில் செய்வதை இறால் போடாமல் கொண்டுவரச் சொன்னாள். வந்ததும் என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, 'இது நம்ம கூட்டுதாங்க, தாளிக்கல, அவ்வளவுதான்' என்றாள்.

பிறகு புளி போட்ட மீன் சாறு, 'சினிகாங்'. ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைகிறவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. பிறகு 'தினோலா' என்ற கோழிச் சாறு. இஞ்சி, பச்சைப் பப்பாளி, அதோடு 'மலுங்காய்' என்ற கீரை. காதில் விழும்போதே முருங்கை என்று கேட்டது. தட்டில் பார்த்தால் முருங்கையேதான். இந்தத் தினோலாவுக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. ரிசாலின் முதல் நாவலில், ஒரு விருந்தில் கர்வம் பிடித்த பாதிரியாருக்குத் தினோலாவில் கழுத்தும் இறக்கையும் வர, ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கதாநாயகனுக்கு ஈரல் முதலான நல்ல துண்டுகள் வந்துவிடும். பாதிரியார் தட்டைத் தள்ளிவிடுவார். மலோலோஸ் அட்டையில் வந்த அபாத்தி சில்லறைச் சமாசாரம் என்றேன் அல்லவா? அந்த ஊர்க்காரனுக்கு அது விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் பங்கு.

அங்கே பேச்சுக் கொடுத்ததில் இன்னொரு சந்தோஷம். அவர்கள் மேசைக்கு 'மேசா', சமையலறைக்கு 'குசினா', காலணிக்கு 'சப்பாத்தோஸ்'. நாம் மேசை, குசினி, சப்பாத்து என்கிறோம். அவர்களுக்கு ஸ்பானியர் தந்தது, நமக்குப் போர்த்துகீசியர் தந்தது. அக்கம்பக்கத்து இரண்டு நாட்டார் உலகத்தின் இரண்டு பக்கமாகச் சுற்றிவந்து ஒரே சாமான்களை விட்டுப்போயிருக்கிறார்கள்.

கடைசியில் வந்தது 'கரே-கரே'. மாட்டு வாலும் குடலும் நெடுநேரம் வெந்து, வறுத்த நிலக்கடலையும் வறுத்த அரிசியும் அரைத்து விட்டு, சிவப்பு விதையில் நிறம் ஏற்றி, வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணி போட்ட கெட்டிக் குழம்பு. உப்பு கிடையாது, பக்கத்தில் இறால் ஊறல் வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். (இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தக் கிண்ணத்தின் பக்கம் போகவேண்டாம்.) மருமகன் சிரித்துக்கொண்டே, 'மாமா, கரே என்றால் நம்ம கறிதானாம்' என்றார்.

அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் சரித்திரம் நம் கடற்கரையில் தொடங்குகிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஸ்பெயினோடும் போர். கைவசம் இருந்த படையை மதராசில் திரட்டி, 1762 ஆகஸ்ட் தொடக்கத்தில் மணிலாவுக்குக் கப்பலேற்றினார்கள். தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர், கடற்படைக்குச் சாமுவேல் கார்னிஷ் தலைவர்கள். அந்தப் படையில் சுமார் 600 சிப்பாய்கள் நம் பக்கத்தவர்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சேர்ந்தவர்களும் உண்டு. அக்டோபரில் மணிலா பிடிபட்டது. 1764-இல் ஸ்பெயினுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

எல்லோரும் புறப்படவில்லை. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கே கயின்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண்ணெடுத்துக் குடும்பமானார்கள். கயின்தாவில் இன்றும் தங்களை அந்தச் சிப்பாய்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கரே-கரே அவர்கள் உண்டாக்கியது என்பது ஒரு கட்சி. கரிந்தேரியா என்ற சொல்லே 'கறி'யிலிருந்து வந்தது என்று கருதுவோரும் பலர். இல்லை, அது எங்கள் பண்டம் என்று பம்பாங்காக்காரர்கள் சொல்வார்கள்.

தமிழர் நமக்கு இப்படி ஒரு துப்பு கிடைத்தால் போதும், உலகமே நம்முடையது என்று கிளம்பிவிடுவோம். நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. கரே-கரேயில் மல்லி இல்லை, சீரகம் இல்லை, மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. கடலையும் சிவப்பு விதையும் மெக்சிகோ சரக்கு. இறால் ஊறல் அந்தத் தீவின் சரக்கு. ஒரு மதராசுச் சிப்பாய் கறி கேட்டிருக்கலாம். அடுப்பில் ஏற்றியது அவன் மனைவி, அவள் ஊரில் கிடைத்ததைக் கொண்டு. பெயர் அவனுடையதாகவே இருந்தாலும், பண்டம் அவளுடையதுதான். அதைப் பிடுங்கி நம் பட்டியலில் சேர்த்தால், கோழி ஈரலுக்குப் பிரெஞ்சுச் சட்டை போட்டவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊர் பேர் தெரியாத அந்தச் சிப்பாய்களுக்கு மதராசில் கல்வெட்டு இல்லை, நடுகல் இல்லை. கப்பலேற்றியவர்கள் கணக்கில் அவர்கள் ஓர் எண். ஆனால் ஏதோ ஓர் ஊரில், ஒரு சாப்பாட்டைப் பற்றிய தகராறில், 260 ஆண்டுகளாக அவர்கள் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. ஏழை மனிதனுக்குச் சரித்திரம் கொடுக்கும் இடம் சில சமயம் அடுப்பங்கரையில்தான்.

நம் ஊரையும் பாருங்கள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு சேர்த்து இடித்து, உருட்டி வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவிப் பானையில் போட்டுவைத்த வடகம் நம் தாய்மார்களின் வேலை. இன்று அதே சாமான் 'வதுவான்' என்று பிரெஞ்சுக் கடைகளில் சீசாவில் இருக்கிறது. பாரீஸ் சமையல்காரர்கள் நண்டின் மேல் தூவுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எவ்வளவு உளுந்துக்கு எவ்வளவு வெங்காயம் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம்?

அந்த மணிலா உணவகத்தின் அட்டையில், ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர் போட்டிருந்தது என்றேன். அது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த நிலைக்கு வர அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஆகவே நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். கீழே கருத்துப் பகுதியில் உங்கள் வீட்டுப் பண்டம் ஒன்றின் பெயரையும், அது எந்த ஊர் வழக்கம் என்பதையும், அளவோடு எழுதுங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னாலும் சரி. முதலில் நான் எழுதுகிறேன்: அரியாங்குப்பத்து வடகம், எங்கள் அம்மா கணக்கு. ஐந்து கிலோ சின்ன வெங்காயத்துக்கு அரைக் கிலோ பூண்டு, அரைக் கிலோ உளுந்து. சித்திரை வெயிலுக்கு முந்தி தொடங்கக்கூடாது.